சரமாரி

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாக எது நடந்தாலும் அதற்குச் சொல் கொடுப்பது மைனாவின் வேலை.

மலையடிவாரப் பாளையம் ஒன்றில் விருமன் என்ற வில்லாளி இருந்தான். முதல் அம்பு தைப்பதற்குள் ஏழாவது அம்பை விட்டுவிடுவான். இலுப்பை மரத்து மைனா அதைப் பார்த்துவிட்டு, "அம்புன்னா சரம், மழைன்னா மாரி. இவன் விடுறது சரமாரி" என்றது. ஊருக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று.

பிடிக்காதவன் ஒருவன்தான். விருமனின் மனைவி பேச்சிக்கு அண்ணன், சொக்கணன். தங்கையே அவன் இலையில் சோறு போட்டபடி, "நேத்து உன் மாப்பிள்ளை சரமாரியா விட்டதைப் பாத்தியாண்ணே?" என்று பூரிப்பாள். அவனுக்குச் சோறு இறங்காது.

கடற்கரைக்குப் போய்ப் பத்துத் துப்பாக்கிகளும் அவற்றைச் சுடத் தெரிந்த பத்து ஆட்களும் கொண்டுவந்தான். தினைக்காட்டில் பன்றிகள் இறங்கிய அன்று பத்தும் அடுத்தடுத்து முழங்கின. பன்றிகள் சாய்ந்தன. ஊரே திரண்டு வந்து பார்த்தது. சொக்கணன் மைனாவிடம் ஓடினான்.

"இதுக்கு என்ன பேரு?"

"எனக்குக் காது இன்னும் அடைச்சிருக்கு. பொறு."

"சரமாரின்னு சொல்லு."

"அது விருமனுக்குக் கொடுத்தது. உனக்கு வேற யோசிக்கிறேன். ஒரு வாரம் போகட்டும்."

வேறு சொல் யாருக்கு வேண்டும்? அடுத்தவனுடையதை நினைத்து நினைத்தே ஏழு நாளும் வெந்தான். எட்டாம் நாள் காலையில் ஆட்களை இலுப்பை மரத்தின் முன் நிறுத்தினான். "கிளையைப் பாத்துச் சுடுங்க. பயந்தா தானா சொல்லும்."

விருமன் ஓடிவந்தான். "மச்சான், வேண்டாம்! கூட்டுல குஞ்சு இருக்கு!" மரத்தில் தாவி ஏறி, கூட்டைக் கையால் மறைத்துக்கொண்டான்.

நிறுத்தச் சொல்லிச் சொக்கணன் வாயெடுத்தான். அப்போது கூடியிருந்த ஜனத்தைப் பார்த்தான். ஒரு கண்கூடத் துப்பாக்கிகளின்மேல் இல்லை. எல்லாம் விருமன்மேல்தான். வாயை மூடிக்கொண்டான்.

பத்தும் வெடித்தன. விருமன் கீழே விழுந்தான். உயிர் போகவில்லை; ஆனால் நாண் இழுக்கும் அவன் வலக்கை மணிக்கட்டோடு சிதைந்திருந்தது. மைனா குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போனது. அதன் பிறகு எந்தப் பறவையும் மனிதரோடு பேசவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்ன சொல்லும் வரவே இல்லை.

பேச்சி ஓடிவந்து கணவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அவளிடம் இருந்தது பழைய சொல் ஒன்றுதான். "சரமாரியாச் சுட்டுட்டியே அண்ணே! சரமாரியாச் சுட்டுட்டியே!"

அழுதவர்களெல்லாம் அதையே சொல்லி அழுதார்கள். ஊர் ஊராகச் சேதி சொன்னவர்களும் அப்படியே சொன்னார்கள். சொக்கணன் ஆசைப்பட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது. அதற்குப் பின் அவன் சாகும்வரை தங்கை அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான், அம்பு ஒன்றுகூட இல்லாத இடத்திலும், துப்பாக்கிகள் ஓயாமல் வெடித்தால் 'சரமாரியாகச் சுட்டார்கள்' என்று நாம் சொல்லிவருகிறோம்.