தேதி கிடைக்காத அறிக்கை

தாமரைக் குளத்தில் மூக்காயி என்றொரு தாழைக்கோழி நீந்தித் திரிந்தது. அதற்கு மூன்று குஞ்சுகள்.

அந்தக் காட்டை ஆண்ட புலிராஜா ஒருநாள் முரசு அறைவித்தார். "அறிவு எல்லோருக்கும் பொது! காட்டிலும் குளத்திலும் கண்டதை ஆராய்ச்சி மன்றத்தில் வந்து சொல்லுங்கள். மன்றம் கண்டுபிடிப்பதை எல்லோரும் அறியலாம். இதுவே அரசின் கொள்கை!"

மூக்காயிக்கு ஒரே பூரிப்பு. நம்மையும் ஒரு பொருட்டாக மதித்துக் கேட்கிறார்களே! அன்று முதல் தினமும் விடிந்ததும் குளத்தை ஒரு சுற்று நீந்தி வரும். தண்ணீர் என்ன நிறம், எந்தக் கரையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, முந்தின நாள் மழை உண்டா என்று பார்க்கும். குளக்கரை மரத்தில் இருக்கும் மன்றத் தலைவர் ஆந்தையாரிடம் போய் ஒன்று விடாமல் ஒப்பிக்கும். அவரும் ஓலையில் எழுதிக்கொள்வார்.

"என்ன தெரிஞ்சுது ஐயா?" என்று கேட்டால், "பொறு, பொறு!" என்பார். இப்படியே இரண்டு மாதம் போயிற்று.

ஒருநாள் நல்ல மழை. மறுநாள் காலை குஞ்சுகளை வடகரையில் மேயவிட்டு, மூக்காயி தன் சுற்றுக்குக் கிளம்பியது. திரும்பி வந்தால், மீன்கள் வயிறு மேலாக மிதக்கின்றன! கடைக்குட்டி கழுத்துத் துவண்டு கிடக்கிறது. அலகால் தூக்கித் தூக்கிப் பார்த்தது. குஞ்சு கண் திறக்கவே இல்லை. மற்ற இரண்டும் தள்ளாடின. அவற்றைக் கரையேற்றிவிட்டு, மூக்காயி அழுதுகொண்டே ஆந்தையாரிடம் ஓடியது.

"ஐயா! வடகரைத் தண்ணியில என்னமோ கலந்திருக்கு! என் குஞ்சு செத்துப்போச்சு!"

ஆந்தையார் அரைத்தூக்கத்தில் கண்ணைத் திறந்தார். "தெரியும்மா. கரையில படர்ந்திருக்கே காக்கைக்கொல்லிக் கொடி, அதோட விதைதான். மழை பெஞ்சா உதிர்ந்து தண்ணியில விழும். மூணு நாளைக்கு விஷம். நீ சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சோம். பதினஞ்சு நாள் ஆச்சு!"

"பதினஞ்சு நாளா? அப்புறம் ஏன் சொல்லலை?"

"அறிக்கை தயார். தேக்கிலையில அட்டை போட்டு, பொந்துல பத்திரமா வெச்சிருக்கேன். ராஜா கையாலதான் வெளியிடணும். விழாவுக்கு அவர் இன்னும் தேதி கொடுக்கலை. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இதுதான்! பார்த்தது மூக்காயியின் கண், அலைந்தது மூக்காயியின் கால், பலன் மட்டும் பொந்துக்குள்ளா?

அந்த நேரம் பார்த்துப் புலிராஜா தண்ணீர் குடிக்க வந்தார். நேரே வடகரைக்குப் போய்க் குனிந்தார்.

"ராஜா! குடிக்காதீங்க! விஷம்!" என்று ஆந்தையார் கிளையை விட்டுப் பாய்ந்து வந்து அலறினார்.

மூக்காயி குறுக்கே வந்து நின்றது. "ஏன் ஐயா கத்துறீங்க? அறிக்கைதான் இன்னும் வெளியே வரலையே! ராஜாவுக்கு மட்டும் விழா இல்லாமச் சொல்லலாமா? என் குஞ்சுக்குச் சொல்லக்கூடாதா?"

ராஜா தண்ணீரில் வாய் வைக்காமல் பின்வாங்கினார்.

"விழாவுக்குத் தேதி கேட்டாரே, அந்த அறிக்கையா? அதுல என்ன இருக்கு?" என்று உறுமினார்.

மூக்காயி நடந்ததை எல்லாம் சொன்னது. அதோடு விடவில்லை. "உங்க மேலயும் தப்பு இருக்கு ராஜா! கொள்கைன்னு முரசு அறைஞ்சீங்க. அது நடக்குதான்னு ஒருநாளாவது வந்து பார்த்தீங்களா?"

ராஜாவால் தலை நிமிர முடியவில்லை. அப்போதே அறிக்கையை எடுத்துவரச் சொல்லி, குளக்கரையில் எல்லோர் முன்னாலும் ஆந்தையாரைப் படிக்கவைத்தார். இனிமேல் கண்டுபிடித்த அன்றே கரையில் சொல்ல வேண்டும், விழாவே கிடையாது என்று ஆணையிட்டார். யானைகள் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கின.

விஷம் தெளிந்த நாலாம் நாள் மூக்காயி மறுபடி குளத்தைச் சுற்றி வந்தது. பின்னால் இரண்டு குஞ்சுகள்தான் நீந்தின.

ஊர் கூடிச் சேர்த்த அறிவை ஊருக்கே சொல்லாமல் பூட்டி வைப்பவர், விஷம் வைத்தவரைவிடக் கொடியவர்.