அணைந்த ஜாடி

பள்ளிக்கு ஆக்சிஜன் சென்சார் வந்தது. பேனா நீளத்தில் ஒரு குழல், அதன் வாலில் எண் காட்டும் திரை. அதைப் பிடிக்கக் கற்றுத்தந்தவர் நஸ்ரின் டீச்சர். கற்றவர் தவமணி சார். டீச்சரைவிட இருபது வயது மூத்த சீடர்!

மெழுகுவத்தியை ஏற்றி, சென்சாரோடு சேர்த்து ஜாடியால் மூடினார் தவமணி. சுடர் அணைந்தது. திரை ஆக்சிஜன் பதினாறு சதவீதம் என்று காட்டியது.

"சென்சார் கெட்டுப்போச்சு டீச்சர். பூஜ்யம்ல காட்டணும்?"

"வெளியில வச்சுப் பாருங்க."

வெளிக்காற்றில் இருபத்தொன்று. சரியாகத்தான் இருந்தது. பேட்டரியை மாற்றினார், மறுபடி ஏற்றினார். மூன்று தடவையும் அதே பதினாறு. மனுஷனுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்ன சார்?"

"ஜாடிக்குள்ள சுடர் ஏன் அணையுதுன்னு போன மாசப் பரீட்சையில கேட்டிருந்தேன். ஆக்சிஜன் தீர்ந்துபோச்சுன்னு எழுதின நாப்பது பேருக்கு முழு மார்க் போட்டேன். மிச்சம் இருக்கும்னு எழுதினது பூங்கோதை ஒருத்திதான். அவளுக்கு முட்டை! போதாக்குறைக்கு, 'அப்புறம் ஏன் அணைஞ்சுது, தூக்கம் வந்துச்சா?'ன்னு வகுப்பையே சிரிக்க வச்சேன். எப்பவும் கேள்வி கேட்டுத் துளைக்கிற பொண்ணு. ஒரு மாசமா வாயே திறக்கல."

"மார்க்கை மாத்திடலாமே."

"மார்க் கிடக்குது டீச்சர். அவளுக்குள்ள இருந்த சுடரை அணைச்சுட்டேனே. இனி அவகிட்ட என்ன மிச்சம் இருக்கப்போகுது?"

டீச்சர் ஒரு பாலித்தீன் பையை நீட்டினார்.

"மூச்சை இழுத்து, இதுல ஊதுங்க."

ஊதினார். டீச்சர் பையின் வாயை இறுக்கிப் பிடித்துச் சென்சாரை உள்ளே விட்டார். எண் மெல்ல இறங்கிப் பதினாறில் நின்றது.

"அட! ஜாடியில இருந்த அதே அளவு!"

"மூச்சு நின்னுபோனவங்க வாயில ஊதி உசிரைக் கொண்டு வர்றாங்களே சார், அது எந்தக் காத்துன்னு நினைச்சீங்க?"

தவமணிக்குப் புல்லரித்துப்போயிற்று. பையைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். விட்ட மூச்சிலா இவ்வளவு இருக்கிறது! இத்தனை வருஷம் இது தெரியாமலா பாடம் நடத்தினோம் என்று தலையில் தட்டிக்கொண்டார்.

மணி அடித்தது. அடுத்தது பூங்கோதையின் வகுப்பு.

"டீச்சர், அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

நஸ்ரின் டீச்சர் சென்சாரைத் துடைத்து அவர் கையில் வைத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். இதை அவகிட்ட குடுத்துட்டு, பெஞ்சுல உக்காந்து, கேள்வி கேக்கக் கையைத் தூக்குங்க."