தொண்ணூற்றாறு மதிப்பெண் பெற்ற ரோபோ

கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் சுகிர்தாவின் அறை இருந்தது. அவருக்கு முப்பத்திரண்டு வயது. ரோபோவாக நின்று, மடக்கினால் காராகவோ லாரியாகவோ மாறும் பொம்மைகளை மதிப்பிடுவது அவர் வேலை. அவர் எழுதும் ஒரு பக்கத்தைப் படிக்காமல் சேகரிப்பாளர்கள் பலர் எதையும் வாங்குவதில்லை.

எபனேசருக்கு ஐம்பத்தொன்பது. பம்ப் செட் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு மாதத்துக்கு முன் ஒருநாள் படியேறி வந்து, "இந்த வேலையை எனக்குச் சொல்லிக் கொடுங்க மேடம்" என்றார். சுகிர்தா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் சிஷ்யர்.

ஐப்பசியில் ஜெயந்தன் என்பவர் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து கொடுத்தார். டிப்பர் லாரியாக மாறும் ரோபோ. வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் உட்கார்ந்து அவரே வடிவமைத்தது. சேகரிப்பாளர்கள் வேண்டும் என்று சொன்னால்தான் தயாரிப்பு தொடங்கும். இருப்பது அந்த ஒன்றே ஒன்று.

சுகிர்தா அதை எபனேசரிடம் தள்ளினார். "இதை நீங்க பாருங்க சார். உங்க கையெழுத்துலயே போகட்டும்."

எபனேசர் ஒரு வாரம் பார்த்தார். மூட்டுகளின் இடைவெளியை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். பெயின்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரோபோ ஒரு காலில் நின்றது. லாரியின் ஆறு சக்கரங்களும் தரையைத் தொட்டன. தொண்ணூற்றாறு மதிப்பெண் போட்டார். அந்த அறையில் அதுவரை எதுவும் அவ்வளவு வாங்கியதில்லை.

முடிவைக் கேட்க ஜெயந்தன் நேரிலேயே வந்திருந்தார். சுகிர்தா அறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"ரோபோவுக்கு எவ்வளவு சார்?"

"ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு."

"லாரிக்கு?"

"அதே நாற்பத்தெட்டு."

"இதுலேர்ந்து அதுக்குப் போற வழிக்கு?"

எபனேசர் படிவத்தைப் புரட்டினார். "அதுக்கு இதுல கட்டமே இல்லையே மேடம்."

சுகிர்தா அலமாரியிலிருந்து ஒரு பழைய சிவப்பு ரோபோவை எடுத்தார். நெஞ்சில் பெயின்ட் உரிந்திருந்தது. போன மாதம் எபனேசர் அதற்கு அறுபத்தொன்று கொடுத்திருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு இதை மாத்துங்க."

எபனேசர் கண்ணை மூடினார். கையை மடக்கியதும் அது போய் உட்கார வேண்டிய பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டது. கால் ஒரு பக்கமாகத்தான் திரும்பியது. அதுதான் சரியான பக்கம். ஒவ்வொரு 'டக்' சத்தமும் அடுத்தது எது என்று சொன்னது. கண்ணைத் திறந்தபோது கையில் ஒரு கார் இருந்தது. எபனேசர் சத்தமில்லாமல் சிரித்தார்.

"இப்ப அது" என்றார் சுகிர்தா.

எபனேசர் புது ரோபோவை எடுத்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடினார். ஆறாவது மடிப்பில் தோள்பட்டை எதிலோ இடித்தது. நகத்தால் நெம்பினார். பிளாஸ்டிக் முனகியது. உடைந்துவிடுமோ என்று கையை எடுத்துவிட்டார்.

ஜெயந்தன் எழுந்துவிட்டார். "குறிப்புத்தாளைப் பார்த்து மாத்தினா சரியா வருங்க. அதோட, யாருங்க இதை மாத்திக்கிட்டே இருக்கப் போறாங்க? கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் நிக்கப் போகுது."

சுகிர்தா ரோபோவை எபனேசரின் கையிலிருந்து வாங்கி, ஜெயந்தனிடம் நீட்டினார்.

ஜெயந்தன் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது மடிப்பிலேயே நின்றுபோனார். கண்ணைத் திறந்து ரோபோவைப் பார்த்தார்.

"நான் இதை எப்பவும் கம்ப்யூட்டர்லதான் மாத்திப் பார்த்திருக்கேன்" என்றார்.

எபனேசர் அறிக்கையை எடுத்து, தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இப்பக் கொண்டு போங்க தம்பி. சரி பண்ணிட்டு என்கிட்டயே கொண்டாங்க. நான்தான் பார்ப்பேன்."

ஜெயந்தன் ரோபோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இனி வரமாட்டார் என்றுதான் எபனேசர் நினைத்தார்.

தை பிறந்து நாலாம் நாள் ஜெயந்தன் வந்தார். மெலிந்திருந்தார். "தோளை முழுசாப் பிரிச்சுத் திரும்பப் போட்டேன்" என்று மட்டும் சொல்லி, ரோபோவை மேஜை மேல் வைத்தார்.

எபனேசர் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். மூன்று நாள் கழித்து, காலை பத்து மணிக்கு மாடியேறி வந்தார். முகத்தில் குழப்பம் இருந்தது.

"மேடம், தோள்ல இப்ப ஒரு இடைவெளி தெரியுது. பூஜ்யம் புள்ளி எட்டு மில்லிமீட்டர். ரோபோவுக்கு நாலு மதிப்பெண் குறையுது. லாரியில கதவு முன்ன மாதிரி ஒட்டி உட்காரலை. அதுல மூணு போச்சு. கூட்டினா எண்பத்தொன்பதுதான் வருது."

"சரி."

"ஆனா கண்ணை மூடிக்கிட்டு மாத்தினா எங்கேயும் இடிக்கலை, இதுதான் நல்ல பொம்மை. எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எப்படி எழுதறதுன்னுதான் தெரியலை. நான் அளந்ததை மட்டும் எழுதிப் பழகினவன்."

சுகிர்தா அறிக்கையை வாங்கிக் கீழே வைத்தார்.

"இந்த மூணு நாள்ல எத்தனை தடவை மாத்தினீங்க சார்?"

எபனேசர் அளவுகள் எழுதிய நோட்டைத் திறந்தார். பக்கங்களைப் புரட்டினார். நோட்டில் அது இல்லை.

"எண்ணலை மேடம். கீழே வைக்கவே மனசு வரலை."

சுகிர்தா பேனாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"அதையே எழுதுங்க."