குடை பிடித்தவர் கூலியில் பிடித்தம்

ஆயரும் ஆநிரையும் நனையாதிருக்க ஏழு நாள் மலையைக் குடையாகப் பிடித்து நின்ற எம்பெருமானின் திருக்கரத்தை முதலில் வணங்குகிறேன். அவன் கூலி கேட்கவில்லை; ஆகவே அவன் கூலியில் எவரும் பிடித்தம் செய்யவுமில்லை. மண்ணில் குடை பிடிப்போர்க்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை.

நெடுங்காலத்துக்கு முன், நெடுங்குன்ற நாட்டை மகுடவர்மன் என்னும் அரசன் ஆண்டு வந்தான். முகத்தில் ஒரு கீற்று வெயில் பட்டாலும் அன்றைய அவையையே கலைத்துவிடும் சுபாவம் அவனுக்கு. ஒருநாள் அரண்மனை முற்றத்தில் அவை கூடியிருக்கையில் வெண்குடை சாய்ந்து, வெயில் நேரே அவன் மூக்கின்மேல் விழுந்தது.

"அரசன் குடை சாய்ந்தது என்று கேட்டால் பகைவன் என்ன நினைப்பான்? இவனை இன்றே வேலையை விட்டு நீக்குங்கள்" என்றான் அரசன்.

குடைக்காரன் காடன் காலில் விழுந்தான். "மகாராசா, அரை வயிற்றுக்காரன் கை நடுங்கத்தான் செய்யும். ஏழு மாதமாக என் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கடனுக்கென்று பிடிக்கிறார்கள். நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை."

"பின் யார் வாங்கியது?"

"எனக்கு முன் இந்தக் குடையைப் பிடித்த நக்கன், துணி வணிகரிடம் வாங்கினான். தோள் வலிக்கிறதென்று கோயில் நந்தவனத்துக்கு வேலை மாறிப் போய்விட்டான். கடன் இங்கேயே தங்கிவிட்டது."

"யாரிடமாவது சொன்னாயா?"

"சொன்னேன். குடைசாலைக் கண்காணி, ஓலைச்சாலைக்குப் போ என்றார். ஓலைச்சாலையில், கண்காணியிடம் போ என்றார்கள். நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. புதுச் செருப்புக்குக் கடன் வாங்கினால் அதற்கும் ஓர் ஓலை வருமே என்று நின்றுவிட்டேன்."

அரச ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் விழுப்பரையர் எழுந்தார். அமைச்சர் இளம்பூதியார்மேல் அவருக்குப் பொறாமை நெடுநாளாக உண்டு. "அரசே, அந்த ஓலை நான் எழுதியது. 'குடை பிடிப்பவர் கூலியில் மூன்றில் ஒரு பங்கை, கடன் தீருமளவும் பிடித்து வணிகரிடம் சேர்க்க' என்றிருக்கிறது. பிடிப்பவன் இவன். என் ஓலையில் பிழை இருந்ததில்லை. இவனைத் தூண்டிவிட்டவர் யாரென்பதும் தெரியும்" என்று அமைச்சரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஏழு மாதம். நக்கன் என்று ஒரு பெயரை எழுத எழுத்தாணிக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

அரசன் சலித்துப்போனான். "அமைச்சரே, நிழல் நகர்வதற்குள் இதைத் தீர்த்து வையும். இல்லையேல் இவனோடு நீரும் வெளியே போகலாம்."

"ஆகட்டும், அரசே. இவன் நீங்கிவிட்டதால் குடைக்கு ஆளில்லை. மன்னர் தலைக்கு மேல் கை உயர்த்தும் பெருமை இன்று அமைச்சனாகிய எனக்கே கிடைக்கட்டும்" என்று இளம்பூதியார் குடையை நோக்கி மெல்ல நடந்தார்.

"ஓலைநாயகம் இருக்க உமக்கெதற்கு அந்தப் பெருமை?" என்று விழுப்பரையர் பாய்ந்து குடையைப் பற்றிக்கொண்டார்.

அமைச்சர் திரும்பினார். "கண்காணியாரே, இப்போது குடை பிடிப்பவர் யார்?"

"ஓலைநாயகம் ஐயா."

"அவருக்கு மாத ஊதியம்?"

"முந்நூறு கலம் நெல்."

"ஓலைப்படி அதில் நூறு கலத்தை வணிகரிடம் சேர்த்துவிடும்."

விழுப்பரையர் முகம் வெளுத்தது. "இதென்ன அநியாயம்? கடன் வாங்கியவன் நான் அல்லவே."

"அதைத்தான் ஐயா நானும் ஏழு மாதமாகச் சொல்கிறேன்" என்றான் காடன்.

"குடைசாலையில் முறையிடுங்கள்" என்றார் அமைச்சர். "அவர்கள் ஓலைச்சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே போனால் உங்களையே பார்க்கலாம்."

அரசன் சிரித்த சிரிப்பில் மகுடம் நழுவியது. நக்கனை நந்தவனத்திலிருந்து அழைத்து வந்தார்கள். "நான் ஒளியவில்லை, மகாராசா. புது இடத்தில் சேர்ந்த அன்றே, என் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஓலை வரவில்லை, பிடிக்கமாட்டோம் என்றார்கள். வணிகரிடமே கொண்டுபோனேன். அரண்மனையிலிருந்து வருகிறது, நீ ஏன் தருகிறாய் என்று திருப்பி அனுப்பினார்."

"கடன் ஆளுடையது, குடையினுடையது அன்று" என்றார் இளம்பூதியார். "வேலை மாறிய அன்றே பழைய இடத்து ஓலை ஓய்ந்தது, கடன் ஓயவில்லை. ஆள் போனதைப் பழைய கண்காணி அறிவிக்க வேண்டும். ஆளின் பெயரிட்டுப் புதிய இடத்துக்குப் புதிய ஓலை போக வேண்டும். அங்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடலாகாது. மீதி அவன் வீட்டு அடுப்புக்கு."

"அப்படியே எழுதுக" என்ற அரசன், தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான். காடனின் வேலையையும் திருப்பித் தந்தான். பின் நிமிர்ந்து பார்த்தான். "விழுப்பரையரே, காடனிடம் பிடித்த பதினான்கு கலமும் இன்றே உம் களஞ்சியத்திலிருந்து போகட்டும், வணிகரிடம் நீர் கேட்டு வாங்கிக்கொள்ளும். அவன் வயிறார உண்டு வரும்வரை குடை உம் கையிலேயே இருக்கட்டும்."

காடன் அன்று மூன்று முறை சோறு வாங்கினான். பிறகு மோருக்காகவும் பொறுமையாகக் காத்திருந்தான்.

இக்கதை கேட்டோர், வாங்கிய கடனைத் தீர்க்கும் வலிமை பெற்று, வாங்காத கடனுக்காக வாசல்தோறும் அலையாமல், உழைத்த கூலியோடு வீடு திரும்பித் தம் மக்களுடன் அமர்ந்து உண்ணத் திருவருள் துணைநிற்பதாக.