அடுப்பு எரியாத தெரு

வரைபடத்தில் ஒரு தெரு நூல் கனம்தான் இருக்கும். அதைக் கிழிக்கப் பென்சில் போதும். தொகுதி எல்லையை மாற்ற மதுரைக்கு வந்த அதிகாரி, கூடைக்காரத் தெருவின் நடுவே கோடு இழுத்துவிட்டார். மேல வரிசை ஒரு தொகுதி, கீழ வரிசை இன்னொன்று.

ஆட்சேபணை கேட்கிற நாளில், அந்தத் தெருவிலிருந்து பஞ்சர் ஒட்டுகிற பெத்தணன் மட்டும் போய் நின்றான்.

"ரெண்டு வரிசையும் ஒண்ணுதாங்கய்யா. பிரிச்சா, சாக்கடை அடைச்சாக்கூட ரெண்டு எம்.எல்.ஏ.வும் கையை விரிச்சிருவாங்க."

அதிகாரி காலி நாற்காலிகளைக் காட்டிச் சிரித்தார். "ஒண்ணா இருக்கிற தெருவுக்கு ஒத்தை ஆள்தான் வருவானா? ஒண்ணுதான்னு இப்பவே நிரூபி, பார்ப்போம்."

"டிரைவரை அனுப்புங்கய்யா. எந்த வீட்டுல அடுப்பு எரியுதோ, அந்த வீட்டோரமாக் கோட்டைப் போட்டுக்கங்க."

அதிகாரியும் விளையாட்டாக அனுப்பினார். டிரைவர் திரும்பி வந்தான்.

"ரெண்டு வரிசையிலயும் ஒரு அடுப்பும் எரியலை சார். டீக்கடையும் பூட்டிக் கெடக்கு. தெருவுல ஒரு சாவாம். எடுக்கிறவரைக்கும் யாரும் பத்தவைக்க மாட்டாங்களாம்."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "செத்தது யாரு?"

"எங்கக்கா," என்றான் பெத்தணன். "வீட்டுல நானும் அதுவும்தான். மனுப் போட்டது அது. இன்னிக்கு இங்க பேச வேண்டியதும் அது. அது பக்கத்துல தெருவே உக்காந்திருக்கு. அதான் நான் வர முடிஞ்சது."

அதிகாரி ரப்பரைத் தேடி எடுத்தார்.

சாயங்காலம் எடுத்து முடிந்ததும் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது, பெத்தணன் வீட்டைத் தவிர. எதிர்வரிசையிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு வந்தது. திறந்து பார்த்தான். பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டிருந்தார்கள்.