இலையோரத்துப் பூசணி

மஞ்சணத்திக்குளத்து மிராசுதார் தாண்டவராயப் பிள்ளை வீட்டில் அண்டா துலக்கிப் பிழைத்தவர் வெள்ளியம்பலத்தார். சாம்பலும் புளியும் பட்டுக் கை வெந்திருக்கும். வாய் மட்டும் "அம்பலவாணா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அவர் தேய்த்த பித்தளையில் பிள்ளை முகம் பார்த்து மீசை முறுக்குவார். தேய்த்தவர் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

மனைவி பிரசவத்திலேயே போய்விட்டார். மிஞ்சியது மகள் ஆவுடை. குடிசைக் கூரையில் படர்ந்த மஞ்சள் பூசணிதான் பெரும்பாலும் இருவருக்கும் கறி. வெள்ளியம்பலத்தாருக்கு அதைவிடப் பிரியமான பண்டம் வேறு கிடையாது. மார்கழித் திருவாதிரைக்கு எள்ளும் துவரம்பருப்பும் மிளகாயும் வறுத்து, ஆவுடை தேங்காயோடு அரைத்துத் தருவாள். புளிக்கரைசலில் காய்களை வேகவிட்டு அவர் தாளகக் குழம்பு வைப்பார். அம்பலவாணருக்குப் படைத்து, வழிப்போக்கர் ஒருவருக்கு இலை போட்ட பிறகே தகப்பனும் மகளும் உண்பார்கள்.

காசிக்குப் போகிறவர்கள் தமக்குப் பிரியமான காய் ஒன்றை இனி உண்பதில்லை என்று அங்கே ஆண்டவனுக்கு விட்டுவிட்டு வருவது வழக்கம். பிள்ளையும் மேளதாளத்தோடு போய், பாகற்காயை விட்டுவிட்டு வந்தார். பிறந்தது முதல் அவர் அதைத் தொட்டதில்லை என்பது சமையற்கட்டுக்குத் தெரியும். ஊர் மாலை போட்டது.

அந்த வருஷம் ஆவுடைக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். காசி எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாத வெள்ளியம்பலத்தார் கூரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அம்பலவாணா, பூசணியை விட்டுட்டேன். புள்ளையைப் பாத்துக்க."

பொழுது சாய்வதற்குள் ஆவுடை போய்விட்டாள்.

கருமாதி முடிந்து வேலைக்கு வந்தவரைப் பார்த்துப் பிள்ளை சிரித்தார். "என்னடே, புள்ளைதான் போயிட்டே. இனி பூசணியைத் திங்க வேண்டியதுதான? காசிக்குப் போகாம விட்டதெல்லாம் செல்லாதுடே."

"புள்ளை போச்சுன்னு, கொடுத்ததைத் திருப்பியா கேக்க முடியும், மொதலாளி?"

அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்கும்போது மட்டும் அவர் அழுவார். வெளியே கேட்காது.

மழை பொய்த்த அந்த வருஷத்தில் கூரைப் பூசணி மட்டும் என்றும் இல்லாத சீராய்க் காய்த்தது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் அறுத்துக் கொடுத்துவிட்டு அவர் உப்புக் கஞ்சி குடித்தார். கண் குழிந்தது. கிறுக்கன் என்றது ஊர்.

திருவாதிரை வந்தது. அரைக்க மகள் இல்லை. தாமே அரைத்து, பூசணியோடு கிடைத்த அவரையும் கிழங்கும் சேர்த்துக் குழம்பு வைத்தார். பிள்ளை வீட்டில் அன்று பெரும் பந்தி. வழிப்போக்கர் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். வெயில் ஏறியது. உண்ண ஒருவரும் வராமல் படைத்த குழம்பு வீணாகிவிடுமோ என்று அவர் வாசலிலேயே நின்றார். கடைசியில் சடைமுடியோடு ஓர் அடியவர் வந்தார்.

"பந்தியில எடமில்லையா, சாமி?"

"எடத்துக்கு என்ன குறைச்சல். பாகக்காய் விட்ட கதையைக் கேட்டு முடிச்சாத்தான் எலை போடுவாகளாம். பசிக்கி வே."

அடியவர் ருசித்து உண்டார். அவரையைத் தின்றார், கிழங்கைத் தின்றார். பூசணித் துண்டுகளை மட்டும் இலையோரம் ஒதுக்கினார். வெள்ளியம்பலத்தாருக்கு மனம் பதறியது.

"வேகலியா, சாமி?"

"நல்லா வெந்திருக்கு. நான் விட்டுட்டேன்."

"காசிக்குப் போனீகளோ?"

"நம்ம வீடே அங்கதான். ஆனா விட்டது இங்க வச்சு."

"என்னைக்கு, சாமி?"

"உம்ம மக போன அன்னைக்கு. நீரு வெறுங்கஞ்சியை முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீரு. நான் மட்டும் எப்படி வே திங்க?"

வெள்ளியம்பலத்தார் தலை குனிந்து நிமிர்ந்தபோது இலை மட்டுமே இருந்தது. மகளை ஏன் எடுத்தாய் என்று என்றாவது கேட்க வேண்டுமென்று நெஞ்சில் வைத்திருந்தார். கேட்கத் தோன்றவில்லை. இலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆவுடை, ஆவுடை என்று தெருவே கேட்க அழுதார்.

மறுநாள் செய்தி காதுக்கு எட்டியதும் பிள்ளை தாமும் பூசணியை விட்டுவிட்டதாக ஊரில் தமுக்கடிக்கச் செய்தார். வெள்ளியம்பலத்தார் அன்றும் கஞ்சிதான் குடித்தார். ஆனால் தனியாகக் குடிக்கவில்லை. தம் துக்கத்துக்கு ஈசனையே பந்தித் துணையாகப் பெற்ற அந்த எளியவர் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.