டேப்பட் சத்தம்

பிலோமினாவிடம் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் அங்கப்பன். அவருக்கு ஐம்பத்தாறு. அவளுக்கு முப்பத்தெட்டு.

பள்ளிபாளையத்தில் அவளுடைய பட்டறைக்கு முதல் நாள் வந்தபோது, "மாஸ்டர் இல்லீங்களா?" என்று அவளிடமே கேட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "இருக்காங்க, சொல்லுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்.

அவர் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு பழைய புல்லட். கல்யாணமான வருடம் யாரோ ஓட்டியதை வாங்கி, எட்டு வருடம் ஓட்டி, விற்றுவிட்ட வண்டி. இருபத்திரண்டு வருடம் கழித்து சங்ககிரிப் பக்கம் ஒரு புளிக் குடோனில் அதே நம்பரோடு நின்றது. அவர் அதன் டேங்க்கின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றதாகக் குடோன்காரர் பின்னால் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் கற்றுக்கொண்டதை மற்ற நாட்களில் வீட்டுப் போர்டிகோவில் செய்தார். இரண்டு வருடம் ஆயிற்று. பேட்டரியை ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றினார். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டார். மனைவி ருக்குமணியின் முதுகுக்காகப் பின் சீட்டில் ஒரு சாய்மானம் வைத்தார். எல்லாம் சரியாக வந்தது. வண்டியின் பழைய சத்தம் மட்டும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை மாஸ்டருக்குப் போன் செய்தார்.

"மாஸ்டர், நாளைக்கு மத்தியானம் கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் வர்றார். இந்த எஞ்சினை எடுத்துக்கிட்டு புது எஞ்சின் தர்றேங்கறார்."

"புதுசு இந்த பிரேம்ல உக்காராதுங்களேண்ணா."

"கொஞ்சம் வெட்டி ஒட்டினா உக்காருமாம்."

"வெட்டினா வெட்டினதுதான். அப்புறம் பழசு திரும்பி ஏறாது."

"ஏற வேண்டாம். இது செத்துப்போச்சு மாஸ்டர்."

"எப்படிச் சொல்றீங்க?"

அவர் வண்டியை உதைத்து ஓடவிட்டு, போனை எஞ்சின் பக்கத்தில் பிடித்தார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் அவள் காதுக்கு வந்தது.

"அண்ணா, அணைங்க. காலைல நான் வர்றேன். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. நல்லா ஆறட்டும்."

காலை ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"வாங்கம்மா. இந்த வண்டிச் சத்தத்தை வெச்சு எங்க அண்ணன் ரைஸ் மில் எப்பத் தொறக்கறார்னு கேட்டுச் சொல்லுங்க. நெல்லு கொண்டாறோம்."

அங்கப்பன் அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்.

ருக்குமணி இரண்டு டம்ளர் காபியோடு வந்து கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "காபி" என்றாள். அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு டம்ளரை பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு மற்றதை நங்கென்று படியில் வைத்தாள்.

"பாத்தீங்களா மாஸ்டர்? ரெண்டு வருஷமா இந்த வண்டிகூட மட்டும்தான் பேச்சு. நான் ஒருத்தி இருக்கறதே மறந்துபோச்சு."

அவள் உள்ளே போனபிறகு அங்கப்பன் சொன்னார்: "அவ எப்பவும் வாய்க்குள்ளயே முனகுவா மாஸ்டர். கோவம். முந்தி கலகலன்னு பேசுவா. என்ன கோவம்னு கேட்டா அதுக்கும் முனகுவா."

பிலோமினா காபியைக் குடித்தாள்.

"சரி, உங்களுக்கு என்ன சத்தம் வேணும்ங்கண்ணா?"

"பழைய சத்தம். டும், டும்னு அடிக்கும். ரெண்டு அடிக்கு நடுவுல சன்னமா ஒரு டிக். சுவர்க் கடிகாரம் மாதிரி. அந்த டேப்பட் சத்தம்தான் இந்த வண்டியே. இப்ப டும்மு இருக்குது. டிக் இல்லை."

"இல்லைன்னு உறுதியா?"

அவருக்குச் சுருக்கென்றது.

"மாஸ்டர், நான் முப்பத்தோரு வருஷம் தறி ஷெட்ல இருந்தவன். நாப்பது பவர்லூம் ஒண்ணா ஓடும். கண்ணை மூடிக்கிட்டு நடுவுல நிப்பேன். எந்தத் தறியில நூலைக் கொண்டுபோற நாடா இழுத்துக்கிட்டுப் போகுதுன்னு நின்ன இடத்துல இருந்தே சொல்லிருவேன். முதலாளியே அசந்துபோவார். இந்தக் காது பொய் சொல்லாது."

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தாள். வண்டியின் அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, அந்த ஸ்பேனரை எடுங்க."

அவர் அசையவில்லை.

"அண்ணா, ஸ்பேனர்."

அவர் முன்சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். குரலை உயர்த்தாமல், "அண்ணா, அந்த ஸ்பேனரை எடுங்க" என்றாள்.

உடனே எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு எஞ்சினின் வலது பக்கம் உட்கார்ந்து டேப்பட் மூடியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு மெல்லிய கம்பிகள் நின்றன. எஞ்சின் சுற்றும்போது மேலே போய் வால்வைத் தட்டித் திறக்கும் கம்பிகள்; அந்தத் தட்டல்தான் டேப்பட் சத்தம். அவள் ஒன்றை விரலால் பிடித்து ஆட்டினாள். அது மேலும் கீழும் லொட லொடவென்று ஆடியது.

"மூணு மாசத்துக்கு முந்தி இதை நான் செட் பண்ணிக் கொடுத்தேன். யார் தொட்டது?"

"நான்தான்."

"எத்தனை தடவை?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒரு அஞ்சாறு தடவை. நீங்க வெச்சுட்டுப் போனதுல டிக் வரலை மாஸ்டர். கொஞ்சம் லூஸ் பண்ணினேன். வரலை. இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணினேன். இப்பத்தான் லேசா வர்ற மாதிரி இருந்துச்சு. ஆனா அந்தப் பழைய டிக் இது இல்லை."

"எதை வெச்சு செட் பண்ணினீங்க?"

"காதை வெச்சு."

"நான் எதை வெச்சுச் சொல்லிக் கொடுத்தேன்?"

"விரலை வெச்சு."

"உக்காருங்க. இப்ப நீங்களே பண்ணுங்க. கண்ணை மூடிக்கிட்டு."

அவர் பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணை மூடினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்து உருட்டினார். நட்டை ஒரு இழை திருப்பினார். மறுபடி உருட்டினார். கம்பி தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. பாவு நூலின் இழுவையைத் தொட்டே பார்த்துப் பழகிய விரல்கள் அவை. இரண்டு கம்பிகளையும் முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

பிலோமினா தொட்டுப் பார்த்தாள். "நான் பண்ணினதைவிட நல்லா இருக்குது" என்றாள்.

அது முகத்துதி அல்ல. அவள் அப்படிச் சொல்கிறவள் அல்ல.

மூடியை மாட்டினார்கள். அவர் எஞ்சினுக்குள் இறுகிய காற்றை லீவரால் விடுவித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, ஒரே உதை உதைத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரு நிமிடம் கேட்டார். முகம் வாடியது.

"பாத்தீங்களா மாஸ்டர்? டும்மு மட்டும்தான். இருந்த கொஞ்சமும் போச்சு. செத்தே போச்சு."

அவர் கை ஸ்பேனரை நோக்கிப் போனது. பிலோமினா அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்கண்ணா."

அப்போது ருக்குமணி வாசலுக்கு வந்தாள். கையில் தோசைத் திருப்பி இருந்தது. யாரையும் பார்க்காமல் வண்டியை மட்டும் பார்த்தாள்.

"மாஸ்டர், அந்தச் சத்தம் வந்துருச்சுங்க."

பிலோமினா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பெல்லாம் ராத்திரி ஷிப்டு முடிஞ்சு காலைல வருவாரு. தெருமுனையில இந்த டிக் டிக் கேட்டா நான் கல்லை அடுப்புல வெப்பேன். வண்டியை நிறுத்திக் கை கழுவிட்டு உக்காரறப்ப தோசை தட்டுல இருக்கும். எட்டு வருஷமும் அப்படித்தான்." அவள் தன் கையைப் பார்த்தாள். "இப்ப நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சுப் போயி கல்லை வெச்சு மாவை ஊத்திட்டேன். ஊத்தினப்புறம்தான், ஏன் ஊத்தினோம்னு நினைக்கறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே தோசை கருகும் வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

பிலோமினா அங்கப்பனின் பக்கம் திரும்பினாள். "அக்கா என்ன சொன்னாங்க?"

அங்கப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் உதடுகள் அசைந்ததை அவர் பார்த்திருந்தார். அழுவதைப் பார்த்தார். கையிலிருந்த தோசைத் திருப்பியைப் பார்த்தார்.

"தெரியலை" என்றார்.

பிலோமினா தன் பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்தாள். மரக் கைப்பிடி, வியர்வையில் கறுத்தது. அதன் நுனியை ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் தலைமேல் வைத்தாள். அவர் தோளை அழுத்திக் குனியவைத்து, கைப்பிடியை அவர் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினாள்.

அங்கப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

டிக் இருந்தது.

ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கொஞ்சம் கனம், ஒன்று சன்னம். தறியில் நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்புவதுபோல் மாறி மாறி வந்தன. அவற்றின் கீழே பல்சக்கரங்களின் ஒரே சீரான முனகல். அதற்கும் கீழே, ஆயில் ஏறி இறங்கும் ஈரச் சத்தம். இன்னும் உள்ளே, பெயர் தெரியாத ஏதோ ஒன்று தேய்ந்து தேய்ந்து பாடியது. இத்தனையும் அந்தச் சின்ன இரும்புக்குள் இருந்தன. ஒன்றையொன்று இடிக்காமல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது தறி ஷெட்டுக்குள் முதல் நாள் நுழைந்தபோது வாயைத் திறந்துகொண்டு நின்றாரே, அதேபோல் இப்போது நின்றார். சாய்ந்த முகத்தில் கண்ணீர் மூக்குவழியாக இறங்கியது. துடைக்கத் தோன்றவில்லை.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். டும், டும் மட்டும் இருந்தது.

வைத்தார். எல்லாம் இருந்தது.

எடுத்தார். வைத்தார்.

கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார். சத்தம் போதவில்லை என்று தளர்த்தித் தளர்த்தி, நன்றாக இருந்த எஞ்சினைக் கத்த வைத்தது நான்தானா? இன்னும் எதையெல்லாம் இல்லை என்று சொன்னேன்?

ருக்குமணி அவர் தோளைத் தட்டிப் படிக்கட்டைக் காட்டினாள். அங்கே போன் வெளிச்சம் போட்டுக்கொண்டு அதிர்ந்தது. வெகுநேரமாக அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் வண்டியை அணைத்துவிட்டுப் போய் எடுத்தார். கோயமுத்தூர்க்காரர்.

"கிளம்பிட்டீங்களா? வேண்டாங்க. வராதீங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இல்லீங்க, எஞ்சின் நல்லா இருக்குது. எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு."

போனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ருக்குமணி உள்ளே ஓடி அடுப்பை அணைத்தாள்.

பிலோமினா சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி எட்டிப் பார்த்து, "என்னங்க, மில்லு மூடியாச்சா?" என்றார். இந்த முறை அங்கப்பன் எழுந்து மதிலருகே போய், "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் திகைத்து, "ஒண்ணுமில்லீங்கண்ணா, வண்டி இப்ப நல்லா இருக்குதுன்னேன்" என்று தலையை இறக்கிக்கொண்டார்.

அங்கப்பன் திரும்பி வந்தார்.

"மாஸ்டர், உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஸ்பேனர் கேட்டப்ப."

"ஏன் அப்பவே சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? உங்க காது பொய் சொல்லாதே."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஈரோட்டுல காதுக்கு நல்ல டாக்டர் இருக்காங்க. நாளைக்குப் போங்க" என்றாள் அவள். ஸ்க்ரூடிரைவரை மட்டும் பையில் போடவில்லை. துடைத்து வண்டியின் சீட்டின்மேல் வைத்தாள். "இது இங்க இருக்கட்டும்."

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னொண்ணு இருக்குது."

அவள் கேட்டைத் திறக்கும்போது அவர் பின்னாலேயே வந்தார். உள்ளே ருக்குமணி கருகிய கல்லைச் சுரண்டிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் அந்த முதுகைப் பார்த்தார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்கண்ணா."

"ரெண்டு வருஷமா அவ முனகலை. இல்லீங்களா?"

பிலோமினா கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"வண்டிக்கு ஸ்க்ரூடிரைவர் கொடுத்துட்டீங்க. அவளுக்கு என்ன பண்றது?"

பிலோமினா அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"அதுக்கு ஒரு சாமானும் வேண்டாங்கண்ணா. பக்கத்துல போயி உக்காருங்க."